மல்லிகாவின் வலது கை

போன வாரம் ஸ்வேதா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகிய பெண். இப்போது சொந்தமாக பிசியோதெரபி மையம் வைத்திருக்கிறாள். டெல்லி சாணக்யபுரியில் ஒரு பெரிய ஹோட்டலில் பயிலரங்கு நடத்தப்போகிறார்களாம். மனதில் விழுந்த அடியையும் தீராத வலியையும் உடம்பின் வழியாகவே குணப்படுத்துவது எப்படி என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொல்லித்தருவார். சனி, ஞாயிறு வகுப்பு, ஞாயிறு மாலை சான்றிதழ். நான் முப்பது வருஷத்தில் கற்றுக்கொள்ளாததை இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள்.

"ஆன்ட்டி, நீங்க வந்து ஒரே ஒரு ரிகவரி ஸ்டோரி சொன்னா போதும். பாசிட்டிவா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

முழங்கால் வலி, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். ஆனால் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் கதை அந்த ஹோட்டலுக்கு ஆகாது. அதை இங்கே எழுதுகிறேன். ஸ்வேதா டெல்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதனால் தைரியமாகவே எழுதலாம்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மெட்ராஸில் பிசியோதெரபி படித்தேன், கல்யாணமாகி டெல்லிக்கு வந்தேன். கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம், கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ். எனக்கும் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எங்கள் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மூட்டுவலிக்காரர்கள் கையை முக்குவதற்கு மெழுகு உருக்கிவைத்த தொட்டி ஒன்று இருக்கும். குளிர்காலத்தில் நோயாளிகளைவிட நாங்கள்தான் அதைச் சுற்றி அதிகம் நின்றோம். ஆரம்ப வருஷங்களில் நான் செய்த வைத்தியம், மடங்காததை மடக்குவது, நீளாததை இழுப்பது. நோயாளி கத்தினால் பொறுத்துக்கொள்ளச் சொல்வோம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பல்லா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். குட்டையான பஞ்சாபிப் பெண்மணி, தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். வெளிநாட்டில் ஏதோ புதுமுறை படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று மட்டும் தெரியும். வந்த முதல் வாரம் அவர் நோயாளிகளைத் தொடவே இல்லை. எங்களை ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்துப் படுக்கச் சொன்னார். இன்னொருவரை அனுப்பி, சத்தமில்லாமல் பின்னால் வந்து கழுத்தைத் தொடச் சொன்னார். நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் பாடம். அதற்குப் பிறகு நாங்கள் யாரையும் பின்னாலிருந்து தொட்டதில்லை.

இப்படி நிறைய விதிகள் வைத்திருந்தார். நோயாளியின் தலையைவிட நம் தலை தாழ்ந்திருக்க வேண்டும்; அதற்காகக் குட்டை ஸ்டூல்கள் செய்து வாங்கினார். தொடுவதற்கு முன்னால் வெந்நீர்ப் பையில் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லி, நோயாளி தலையாட்டிய பிறகுதான் தொட வேண்டும். ரிலாக்ஸ் என்ற வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். பயந்தவனிடம் பயப்படாதே என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்களே, அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். நோயாளிகளிடம் காட்டிய பொறுமையில் கால்வாசிகூட எங்களிடம் காட்டமாட்டார்.

"பக்வதி, ஹாத் மத் கீஞ்சோ. வஜன் லோ" என்று என்னிடம் ஓயாமல் சொல்வார்; பகவதி என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். கையை இழுக்காதே, அதன் பாரத்தை வாங்கிக்கொள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்புக்கு அடியில் கொடுத்து, இன்னொன்றில் முழங்கையை ஏந்தி, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நோயாளிக்கே தெரியாமல் அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பாரத்தை நம் கையில் இறக்கும். இறக்கிய பிறகுதான் பேச்சு. இப்போது காலில் என்ன தெரிகிறது, வயிற்றில் என்ன தெரிகிறது என்று கேட்போம். வலி ஏறினால் உடம்பில் வலிக்காத இடம் ஒன்றைக் காட்டி அங்கே கவனத்தைத் திருப்புவோம். பிறகு மெதுவாக வலிக்குத் திரும்புவோம். இப்படியே போய்ப்போய் வரும்போது ஒருநாள் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். அதற்காகத்தான் காத்திருப்போம். ஸ்கூட்டர் உரசிப்போன தெருநாய் ஓரமாகப் போய் நின்று உடம்பை உதறிவிட்டுத் தன் வழியே போகிறதே, அதுபோலத்தான் என்பார் மேடம். மனிதன் அந்த உதறலை வெட்கப்பட்டு அடக்கிவிடுகிறான், அது தசையில் தங்கி வலியாகிறது என்பது அவர் கட்சி. எலும்பு டாக்டர்கள் எங்கள் அறைக்குத் தூங்கும் அறை என்று பெயர் வைத்தார்கள். நான் மேடத்தை நம்பினேன். அவர் சொன்னபடி செய்து பலர் நடந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

மல்லிகா வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், குளிர் ஆரம்பிக்கும் சமயம். முனிர்காவில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். கணவர் முருகேசன் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கிளார்க். துறையூர்க்காரர்கள். அவளுடைய வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கிடந்தது. கழுத்திலிருந்து விரல்வரை வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, நரம்புச் சோதனையிலும் ஒன்றும் இல்லை. முன்னால் பார்த்த வேறொரு ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், மயங்கி விழுந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எங்களிடம் அனுப்பினார்கள்.

என்ன நடந்தது என்று முருகேசன் முதல் நாளே சொல்லிவிட்டார், ஆபீஸ் குறிப்பு வாசிப்பதுபோல.

"எங்க பையன் மேடம், மூணு வயசு. பஸ்ஸ விட்டு இறங்குறப்ப வண்டிய எடுத்துட்டான். இவ கையப் பிடிச்சுத்தான் இருந்தா. நழுவிடுச்சு."

மல்லிகா என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாளில் டெல்லியில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடி ஆட்களை அடித்துப்போட்ட தனியார் பஸ்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

விபத்தின்போது அவள் வயிற்றில் இன்னொரு குழந்தை. அந்தப் பெண்குழந்தைக்கு இப்போது நாலைந்து மாதம். அதை அவள் ஒருநாள்கூடத் தூக்கியதில்லை. பிரசவத்துக்கு உதவியாக வந்த முருகேசனின் அக்கா கோமதிதான் தூக்கினார், குளிப்பாட்டினார். பால் கொடுக்கும் நேரத்தில் குழந்தையைக் கொண்டுவந்து மல்லிகாவின் இடதுபக்கம் படுக்கவைப்பார். குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோமதிக்குத் துறையூரில் சொந்தக் குடும்பம் இருந்தது. பொங்கலுக்குப் போயே ஆக வேண்டும். அதற்குள் மல்லிகாவின் கை சரியாகாவிட்டால் குழந்தையைத் தன்னோடு கொண்டுபோவதாக முடிவு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்க முடியாத தாயிடம் அதை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்?

ஆக, பொங்கலுக்குள் அந்தக் கை விலாவை விட்டு வர வேண்டும். மல்லிகாவுக்கு இந்தியில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதற்கு மேல் தெரியாது. அதனால் மேடம் கேஸை என் கையில் கொடுத்துவிட்டு, தான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

வலிக்காத இடம் கண்டுபிடிக்கவே நாலைந்து தடவை ஆயிற்று. குதிகாலா, முதுகா என்று நானும் ஊரெல்லாம் சுற்றினேன். கடைசியில் இடது காது மடல் நன்றாக இருக்கிறது என்றாள். மேடத்திடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம், போதும் போதும், அங்கிருந்தே ஆரம்பி என்றார். காது மடலிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தோளுக்கு, திரும்பக் காது மடலுக்கு. என்னை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் அவள் முன்கை நடுங்கியது. கண்ணைத் திறந்திரு, இது ஆஸ்பத்திரி, நான் பகவதி, பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுக்கம் தோளுக்கு ஏறி, பற்கள் கிட்டி, பிறகு அடங்கியது. போர்வை போர்த்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பாதம் சூடாகும்வரை எழுந்திருக்க விடவில்லை. எழுந்தபோது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு தலையணை வைக்கும் அளவு இடைவெளி இருந்தது.

வீட்டிலும் நடுக்கம் வரலாம் என்று முருகேசனுக்கு உட்காரவைத்துச் சொன்னோம். நான் தமிழிலும் மேடம் இந்தியிலும். தடுக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும், வந்தால் நல்லதுக்குத்தான். அவர் கவனமாகக் கேட்டு, வீட்டில் போய் அக்காவிடமும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்.

மார்கழிக் குளிரில் கை தோள் உயரத்துக்கு வந்தது. துண்டைச் சுருட்டி அந்தக் கையில் வைத்தோம். பிறகு, மற்ற நோயாளிகள் காலில் கட்டித் தூக்குகிற மணல்பை. அதைக் குழந்தைபோல அணைக்கச் சொன்னபோது மூஞ்சியைச் சுளித்தாள், ஆனால் அணைத்துக்கொண்டாள். அடுத்த தடவை கோமதியைக் குழந்தையோடு வரச் சொன்னோம். மல்லிகாவின் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து, குழந்தையை அவள் மடக்கிய முழங்கையில் வைத்தேன். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. நான் என் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன். கை அப்படியே நின்றது. கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி நான் நிம்மதியாக ஊருக்குப் போவேன் என்றார். மேடம் எனக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார், அது யாருக்கும் கிடைக்காத மரியாதை. என் உத்தியோக வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இல்லை.

அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, கோமதி விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது, கும்பிட்டு நின்ற மல்லிகாவுக்கு நடுக்கம் வந்தது. ஆஸ்பத்திரியில் வந்ததைவிடப் பெரிதாக. உடம்பு முழுக்க ஆடி, கொண்டை அவிழ்ந்து, வலது கை தலைக்கு மேலே எழும்பி நின்றது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டாம் என்று நாங்கள்தானே சொல்லியிருந்தோம். ஆனால் துறையூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, விளக்கின் முன்னால் தலைவிரித்து ஆடும் உடம்பு என்றால் ஒரே அர்த்தம்தான். எனக்கும், அம்பாசமுத்திரத்திலேயே இருந்திருந்தால், அதுதான் அர்த்தம். கோமதி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றி, வந்திருப்பது யார் என்று கேட்டிருக்கிறார். மல்லிகா பதில் சொல்லவில்லை, அழுதிருக்கிறாள்.

கோமதிக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. செத்துப்போன பையனுக்கு முதல் முடி இறக்கவில்லை. குலதெய்வக் கோயிலில்தான் இறக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். ஒரு வருஷம் முருகேசனுக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை, அடுத்து மல்லிகாவுக்கு வயிற்றில் குழந்தை. டெல்லி வெயிலில் மூன்று வருஷம் அந்தப் பையன் பின்னிய சடையோடு திரிந்திருக்கிறான். அந்த முடியோடேயே போய்ச் சேர்ந்தான். இங்கே இருக்கும் நம் குடும்பங்களில் பாதிப்பேர் வீட்டில் இப்படி ஒரு பாக்கி இருக்கும். ஆனால் எல்லோருக்கும் பிள்ளை பஸ்ஸில் அடிபடுவதில்லை. அம்மன் கோபத்தில் பையனை எடுத்துக்கொண்டாள், இப்போது தாயின் உடம்பிலேயே இறங்கி நிற்கிறாள் என்று கோமதி தீர்மானித்துவிட்டார். அப்படியானால் பெண்குழந்தையை அந்த மடியில் விட்டுவைக்கக் கூடாது. உடனே கொண்டுபோய் முடி இறக்கி, சாந்தி செய்து, ஊரிலேயே வளர்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டன. மல்லிகா அதற்குப் பிறகு சிகிச்சைக்கு வரவில்லை. முருகேசன் மட்டும் வந்து, தலையைக் குனிந்துகொண்டு இதையெல்லாம் சொன்னார்.

நோயாளி வீட்டுக்குப் போகும் வழக்கம் மேடத்துக்குக் கிடையாது. அன்று நேராக என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முனிர்காவுக்குப் போனார். மூன்று மாடி ஏறி, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கோமதி கொடுத்த காபியைக் குடித்தார். பிறகு, நடுக்கம் என்றால் என்ன, அது ஏன் வருகிறது, அந்தக் கை குழந்தையைத் தூக்கியதை நீங்களே கண்ணால் பார்த்தீர்களே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தமிழாக்கினேன். தெருநாய் உவமையை மட்டும் அந்த இடத்தில் நான் சொல்லவில்லை. கோமதி குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார். கோபமே இல்லை.

"டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். நான் இல்லேங்கல. ஆனா நான் நெனைக்கிறது தப்பாப் போனா, புள்ள ரெண்டு மூணு வருசம் அத்தை வீட்ல வளந்துச்சுன்னு போயிடும். நீங்க சொல்றது தப்பாப் போச்சுன்னா புள்ளயே இருக்காது. நீங்களே சொல்லுங்க, நான் எத நம்பிக்கிட்டுப் போறது?"

இதை மேடத்துக்கு இந்தியில் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மாதம் மட்டும் பொறுக்கச் சொல் என்றார். ரிசர்வேஷன் ஆகிவிட்டது என்றார் முருகேசன். டெல்லித் தமிழர் வீட்டில் டிக்கெட் எடுத்த பிறகு பிரம்மா வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மல்லிகா அடுக்களையில் நின்றிருந்தாள். நான் எழுந்து உள்ளே போனேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

"எல்லாரும் பேசுதாங்க, நீ வாயத் தொறக்க மாட்டேங்க. ஒனக்கு என்ன வேணும்? அதச் சொல்லு மொதல்ல" என்றேன்.

அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி கொண்டுபோகட்டும்க்கா. அங்க பஸ்ஸு கம்மி."

படி இறங்கி வந்தோம்.

கோமதி குழந்தையோடு ஊருக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். காலையில் எங்கள் பிரிவு திறந்த உடனே மல்லிகா தனியாக வந்து நின்றாள். அவள் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. எதில் வந்தாய் என்றேன், பஸ்ஸில் என்றாள். நான் கேட்பதற்கு முன்பே வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அது நேராக, காதை ஒட்டிக்கொண்டு, முழுதாக மேலே போனது. இறக்கினாள், பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட்டுக் காட்டினாள். அங்கிருந்த சின்னப் பெண்கள் கைதட்டினார்கள். மேடம் கோணம் அளக்கும் கருவியை எடுத்துவந்து அளந்தார். இடது கைக்கும் வலது கைக்கும் வித்தியாசமே இல்லை. வலி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். நடுக்கமும் நின்றுவிட்டதாம், வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஏமாந்து திரும்பிப்போனார்களாம்.

எப்போதிலிருந்து இப்படி என்று மேடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மாலையே கை தானாகத் தளர்ந்துவிட்டது என்றாள். அவள் கையைத் தூக்கி நின்றபோது ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். மேடமும் பார்த்தார். தாய்ப்பாலுக்கு விஷயம் இன்னும் தெரியவில்லை.

ஏன் தளர்ந்தது, உனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டேன். எங்கள் முறையில் அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான்.

"இனிமே இந்தக் கையால யாரையும் பிடிக்க வேண்டியதில்லைல்லக்கா" என்றாள். அழவில்லை. கை சரியாகிவிட்டதே, நான் சந்தோஷப்படுவேன் என்றுதான் ஆஸ்பத்திரிவரை வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அதை அப்படியே இந்தியில் சொன்னேன். எதற்கும் ஒரு அடுத்த உத்தரவு வைத்திருக்கும் மேடம், அந்தக் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் செய்தது ஒவ்வொன்றையும் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தப்பு என்று ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். உடம்பு எதையும் மறப்பதில்லை என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அது தன்னை எப்படிக் குணப்படுத்திக்கொள்கிறது என்று பார்த்த பிறகு, குணமாவதைப் பற்றி மேடையேறிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வந்தவளைப் படுக்கவைக்கவும் காரணம் இல்லை, மறுபடி வரச் சொல்லவும் காரணம் இல்லை. பஸ் ஸ்டாப்வரை கூடப்போனேன். பஸ் வந்ததும் அவள் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறிப் போய்விட்டாள். காலமெல்லாம் பூட்டிக்கொண்ட கைகளைத் திறந்துவிட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். அந்த ஒரு கையை மட்டும், என்னால் முடிந்திருந்தால், பழையபடி பூட்டி அனுப்பியிருப்பேன்.